ஆன்டிவைரஸ் எதை நம்பிப் போடுவது? மூலையில் வரும் எச்சரிக்கை வேறு பயமுறுத்துகிறது

நிழல்குடை:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்தும் லேப்டாப், விண்டோஸ் 11. வாங்கும்போதே ஒரு ஆன்டிவைரஸ் டிரயலாக உள்ளே இருந்தது, அதன் காலம் முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது. இப்போது திரையின் வலது கீழ் மூலையில் "5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன, உடனே புதுப்பிக்கவும்" என்று சிவப்பாக ஒன்று அடிக்கடி வந்து நிற்கிறது. விசித்திரம் என்னவென்றால், அதில் இருக்கும் கம்பெனி பெயரும் இந்த லேப்டாப்பில் இருக்கும் ஆன்டிவைரஸின் பெயரும் வேறு வேறு.

அப்பா இதில்தான் வங்கிக் கணக்கு பார்க்கிறார், அதுதான் கவலை. "சிறந்த ஆன்டிவைரஸ்" என்று தேடினால் பக்கத்துக்குப் பக்கம் ஒன்று முதலிடத்தில் இருக்கிறது, கூடவே தள்ளுபடி பட்டன். விண்டோஸோடு வருவதே போதும் என்று சிலர், அதை நம்பினால் அவ்வளவுதான் என்று சிலர். காசு கொடுக்கத் தயார், ஆனால் எதற்கு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

கம்பிவலை:

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. அந்தச் சிவப்பு எச்சரிக்கை பிரவுசர் ஓடும்போது மட்டும் வருகிறதா? அடுத்த முறை வந்தால் அழுத்தாமல் உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் வைரஸ், ஆபத்து என்றெல்லாம் இருக்கும். அதே பெட்டியில் பொடி எழுத்தில் "கூகுள் குரோம்" என்றோ "மைக்ரோசாஃப்ட் எட்ஜ்" என்றோ போட்டு, பக்கத்தில் ஏதோ வாயில் நுழையாத தள முகவரி இருக்கும். இருந்தால் அது ஆன்டிவைரஸ் எச்சரிக்கையே இல்லை. ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலௌ அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், வீட்டில் யாராவது அழுத்தியிருப்பார்கள், அன்றிலிருந்து அந்தத் தளத்துக்கு உங்கள் திரையில் விளம்பரம் ஒட்ட உரிமை கிடைத்துவிட்டது.

எடுப்பது சுலபம். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். அப்படியே "தளங்கள் இனி அனுமதி கேட்கவே கூடாது" என்கிற தேர்வையும் போட்டுவிடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொன்று, அப்பாவிடமும் சொல்லிவையுங்கள்: திரை முழுக்க எச்சரிக்கை வந்து அதில் போன் நம்பர் இருந்தால் மோசடிதான், யோசிக்கவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை.

எழுத்தாணி:

கம்பிவலை சொன்னது சரி. ஆன்டிவைரஸ் பக்கம் நான் வருகிறேன்.

காலாவதியான அந்த டிரயலை முதலில் தூக்குங்கள். விண்டோஸில் இன்னொரு ஆன்டிவைரஸ் பதிவாகியிருந்தால் உள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், இரண்டும் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்துச் சண்டை போடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புதுப்பிப்பு நின்றுபோன ஒன்று உள்ளே கிடப்பது, வேலையை விட்ட காவலாளி வாசலில் நாற்காலியை மட்டும் விட்டுப்போன மாதிரி. செட்டிங்ஸில் ஆப்ஸ் போய் நீக்குங்கள். முழுசாகப் போகாமல் அடம்பிடித்தால் அந்தந்த நிறுவனமே தனி நீக்கும் கருவி கொடுக்கிறது, அவர்கள் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். மறுதொடக்கம் செய்தபின் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் டிஃபெண்டர் தானாக வந்து உட்கார்ந்திருக்கும்.

அது போதுமா என்றால், வீட்டுக் கணினிக்குப் போதும் என்பதுதான் என் கருத்து. எல்லோரும் டிஃபெண்டரைக் கேலி செய்த காலம் உண்டு, இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற இரண்டு சோதனைக்கூடங்களும் ஆன்டிவைரஸ்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளைப் பொதுவில் போடுகின்றன. ஏவி-டெஸ்ட்டில் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 6, மொத்தம் 18. சமீப ஆண்டுகளில் டிஃபெண்டர் அங்கே காசு கொடுத்து வாங்குபவற்றின் பக்கத்திலேயே நிற்கிறது. தள்ளுபடி பட்டன் வைத்த பட்டியல்களை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள். ஒரே ஒரு மாத முடிவை வைத்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள், அரைப் புள்ளி ஏறுவதும் இறங்குவதும் சகஜம்.

ராக்கோழி:

டிஃபெண்டர் போதும் என்று ஒரே வரியில் முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது பெரும்பாலும் இணையத்தில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. நெட் இல்லாதபோது கண்டுபிடிக்கும் திறன் குறைவதை ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகளே காட்டியிருக்கின்றன. பென்டிரைவில் கோப்பு வாங்கி நெட் இல்லாமல் வேலை பார்ப்பவருக்கு அது முக்கியம். அப்புறம், கெட்ட தளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் எட்ஜில்தான் முழுசாக வேலை செய்கிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கூகுளின் சேஃப் பிரவுசிங்கை நம்பியிருக்கிறோம். எந்த பிரவுசராக இருந்தாலும் ஒரே மாதிரி காவல் வேண்டும் என்றால் பிட்டிஃபெண்டர், ஈசெட் மாதிரி ஒன்றை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் தனி ஆன்டிவைரஸ் மட்டும் வாங்குங்கள். விபிஎன், கணினி சுத்தம் செய்யும் கருவி, டிரைவர் அப்டேட்டர் என்று மூட்டை கட்டித் தருவதில் பாதி வேண்டாதது. வாங்கிய அன்றைக்கே ஆட்டோ ரினியூவலையும் அணைத்துவிடுங்கள்.

புதுவாசல்:

நடுவில் ஒரு சந்தேகம் கேட்கலாமா? இலவசமாகவே நிறைய இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றைப் போட்டால் என்ன? இன்னொன்று, காஸ்பர்ஸ்கி சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது, ஆனாலும் வேண்டாம் என்கிறார்களே ஏன்?

எழுத்தாணி:

இலவசம் என்றால் அந்த நிறுவனத்துக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் விஷயம் ஊரறிந்தது. பயனர்கள் எந்தெந்தப் பக்கம் பார்த்தார்கள் என்கிற விவரம் ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்கப்பட்டது 2020 ஜனவரியில் செய்தியாக வெளிவந்தது, உடனே ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி அவர்களைக் கட்டச் சொன்ன தொகை 1.65 கோடி டாலர். வைரஸைப் பிடிப்பதில் அது மோசமான மென்பொருள் இல்லை, அதைக் கவனிக்க வேண்டும். சோதனையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கும், இன்னொரு பக்கம் நம் விவரத்தையும் விற்கும். சோதனைக்கூடம் அளப்பது முதலாவதை மட்டும்தான்.

காஸ்பர்ஸ்கியும் கிட்டத்தட்ட அதே கதைதான், அங்கே பிரச்சினை அரசியல் வழியாக வருகிறது. ரஷ்ய நிறுவனம் என்பதால் அந்த அரசின் பிடி இருக்கலாம் என்று சொல்லி அமெரிக்கா 2024ல் விற்பனையைத் தடை செய்தது, செப்டம்பர் 29 முதல் அங்கே அப்டேட்டும் நின்றது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அங்கே பலருடைய கணினியில் அதை எடுத்துவிட்டு அல்ட்ராஏவி என்ற வேறொன்று தானாகவே வந்து உட்கார்ந்தது, அதுவே எனக்குப் போதுமான பாடம். ஆன்டிவைரஸ் என்பது கணினியில் எதை வேண்டுமானாலும் படிக்கவும் அழிக்கவும் அதிகாரம் உள்ள மென்பொருள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன, விமானங்கள் நின்றன. அதில் கெட்ட எண்ணமே கிடையாது, வெறும் பிழை. இவ்வளவு அதிகாரத்தை மூன்றாவதாக ஒரு கைக்குக் கொடுக்க வலுவான காரணம் வேண்டும். விண்டோஸ் போட்டதிலேயே மைக்ரோசாஃப்ட்டை நம்பியாகிவிட்டது, அதனால்தான் டிஃபெண்டரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

கம்பிவலை:

ராக்கோழி, நெட் இல்லாத விஷயம் நியாயமான பாயின்ட்தான், ஆனால் இவர் வீட்டில் நெட்டில்தான் எல்லாம் நடக்கிறது. அதற்கு அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது பெரிய பலன். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாகிரை உலகத்தையே ஆட்டியபோது அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது.

நிழல்குடை, டிஃபெண்டரில் ஒரு விஷயம் பலர் பார்ப்பதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல் உள்ளே ரெப்யூடேஷன் பேஸ்ட் புரொடெக்ஷன் என்று இருக்கும், அதில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் தேர்வு அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். டூல்பார், போலி கிளீனர் எல்லாம் மாட்டுவது அங்கேதான். பிரவுசரில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போடுங்கள், குரோம் என்றால் அதன் லைட் பதிப்பு. போலி டவுன்லோட் பட்டனே கண்ணில் படாது.

நிழல்குடை:

எல்லோருக்கும் நன்றி. பார்த்தேன், கம்பிவலை சொன்னபடியே பொடி எழுத்தில் குரோம் பெயரும் ஏதோ ஒரு முகவரியும் இருந்தது. நோட்டிஃபிகேஷன் பட்டியலில் ஒரு படையே இருந்தது, எல்லாவற்றையும் நீக்கியபின் சிவப்புப் பெட்டி வரவில்லை. டிரயலையும் எடுத்தாயிற்று, டிஃபெண்டர் பச்சை டிக்கோடு இருக்கிறது.

ஆனால் முழு ஸ்கேன் ஓட்டியபோது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் "ஹேக்டூல்: வின்32/கீஜென்" என்று ஒன்றைக் காட்டியது. தம்பியைக் கேட்டால் ஏதோ வீடியோ எடிட்டருக்காக எடுத்தது, அது வைரஸ் இல்லை, டிஃபெண்டர் சும்மா கத்துகிறது என்கிறான். "அலௌ" கொடுத்தால் ஏதாவது ஆகுமா?

எழுத்தாணி:

கொடுக்காதீர்கள், "ரிமூவ்" கொடுங்கள். தம்பி சொல்வது பாதி உண்மை, கீஜென் என்பது திருட்டு சாவி உருவாக்கும் கருவி, அந்தப் பெயரே வைரஸ் என்று பொருள்படாது. ஆனால் அதே பொட்டலத்தில் கடவுச்சொல் திருடிகளைச் சேர்த்துக் கட்டுவது வழக்கம், "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்" என்று ஒரு குறிப்பும் கூடவே இருக்கும். தம்பி அதை ஓட்டினானா, டிஃபெண்டரை அணைத்தானா என்று திட்டாமல் கேளுங்கள், திட்டினால் உண்மை வராது.

ஓட்டியிருந்தால், வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷனில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி மறுதொடக்கமாகி விண்டோஸ் முழுசாக ஏறுவதற்கு முன்பே தேடும், கால் மணி நேரம் போல ஆகும், திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு ஆரம்பியுங்கள். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் போயிருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வங்கி, மின்னஞ்சல் இரண்டின் கடவுச்சொல்லையும் இந்த லேப்டாப்பில் மாற்ற வேண்டாம், போனிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலை முதலில். மின்னஞ்சல் கணக்கில் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்று இருப்பதையும் அழுத்துங்கள், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் குக்கீ என்ற சிறு கோப்பு திருடு போயிருந்தால் கடவுச்சொல் இல்லாமலேயே உள்ளே நுழைய முடியும். ஸ்கேன் முடிந்து என்ன காட்டியது என்று இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

ராக்கோழி:

தம்பிக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று போட்டுக்கொடுங்கள். வீடியோ எடிட்டர்தான் வேண்டும் என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இருக்கிறது. லேப்டாப் தாங்கவில்லை என்றால் ஷாட்கட்.