விற்ற வீட்டின் பழைய கூட்டுக் கடனில் பிபிஐ காப்புறுதி: இப்போதும் திரும்பக் கேட்கலாமா?

பழையவீடு (லண்டன் ஹரோ, 2024 நவம்பர்)

வணக்கம். பழைய கோப்புகளைக் கிழித்து எறிய எடுத்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2005 இல் நானும் அப்போதைய கணவரும் சேர்ந்து மோட்கேஜ் எடுத்து வீடு வாங்கினோம். 2007 இல் சமையலறையைப் பெருப்பிக்க, அதே வீட்டின் மேல் வேறொரு கம்பனியிடம் தரகர் மூலம் இன்னொரு கடன்: 25,000 பவுண்ட், 15 வருடம். இரண்டும் இருவர் பெயரிலும்தான். இரண்டிலும் பிபிஐ (வேலை போனாலோ நோய் வந்தாலோ தவணையைக் கட்டும் காப்புறுதி) இருக்கிறது. மோட்கேஜில் அதை மாதாமாதம் கட்டியிருக்கிறோம். இரண்டாவதில் 4,200 பவுண்ட் பிரீமியத்தை முழுதாகக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். அதாவது அதற்கும் வட்டி.

அவர் அப்போது சொந்தமாகப் பெற்றோல் செட் நடத்திக்கொண்டிருந்தார். வேலை போனால் தவணையைக் கட்டும் காப்புறுதி அவருக்கு எதற்கு என்று இப்போதுதான் யோசிக்கிறேன். "இதையும் எடுத்தால் கடன் கெதியாகப் பாஸ் ஆகும்" என்று தரகர் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

2014 இல் பிரிந்தோம். 2020 மார்ச்சில் வீட்டை விற்று இரண்டு கடனையும் அடைத்தோம். தவறாக விற்ற பிபிஐக்குப் பணம் திரும்பக் கேட்கும் கதை 2019 உடன் முடிந்தது என்கிறாள் தங்கை. ஒரு கம்பனியோ, "இன்னும் எடுத்துத் தரலாம், முதலில் 300 பவுண்ட் கட்டுங்கள்" என்று போன் மேல் போன். எது உண்மை? அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய கையெழுத்து இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

கணக்குப்பிள்ளை

முதலில் அந்த 300 பவுண்டைக் கட்டாதீர்கள். முன்பணம் கேட்டாலே போனை வைத்துவிடுங்கள்.

தங்கை சொன்னது பெரும்பாலும் சரி. வங்கிக்கு முறைப்பாடு எழுதி, அவர்கள் மறுத்தால் நிதி ஒம்புட்ஸ்மனிடம் (வங்கிகள் மீதான முறைப்பாடுகளைத் தீர்ப்பவர்) போகும் சாதாரண வழிக்கு 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள். அதை அறிவிக்கத்தான் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ, நடிகர் ஆர்னோல்ட் சுவார்ஸ்நெகரின் தலையைச் செய்து டிவியில் ஓடவிட்டது. அந்தத் தலையைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்ததுதான் எங்கள் வீட்டில் மிச்சம்.

விதிவிலக்குகள் உண்டு, ஆனால் ஒடுக்கமானவை. கடும் நோய் போல, அந்தத் தேதிக்குள் எழுத முடியாதபடி அசாதாரணமான காரணம் இருந்திருக்க வேண்டும். அல்லது 2017 ஆகஸ்ட் 29க்குப் பிறகு அந்தக் காப்புறுதியில் நீங்கள் பணம் கேட்டு, உங்களுக்குத் தகுதி இல்லை என்று மறுத்திருக்க வேண்டும். "எனக்குத் தெரியாமல் போய்விட்டது" என்பதை அசாதாரணமான காரணமாக எடுக்கமாட்டார்கள்.

கோப்பில் உள்ளது பிபிஐதானா என்பதையும் பாருங்கள். ஆயுள் காப்புறுதியையும் என்டோமென்டையும் (சேமிப்போடு சேர்ந்த காப்புறுதி) பிபிஐ என்று நினைத்து வருபவர்கள் நிறைய. அவை வேறு சங்கதி.

ஈஸ்ட்ஹாம் மாமா

பிள்ளை, நாங்கள் 2016 இல் எடுத்தோம். எனக்கும் மனைவிக்கும் கூட்டு மோட்கேஜ், ஆனால் காப்புறுதி என் ஒருவன் பெயரில்தான் இருந்தது. அவளுடைய சம்பளம் நின்றால் ஒரு சதமும் வராது என்று யாரும் சொல்லவில்லை. அதை எழுதினோம். கட்டியதைத் திருப்பித் தந்து, மேலே வருடத்துக்கு 8 வீதம் தனிவட்டியும் தந்தார்கள். அந்த வட்டியில் 20 வீதம் வரி பிடித்தார்கள். ஆர் 40 படிவம் போட்டு அதையும் எடுத்தோம். வரியைத் திரும்பக் கேட்க நாலு வருடம்தான் அவகாசம், அதைப் பலர் விட்டுவிட்டார்கள். உங்களுக்கு இப்போது கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன்.

சட்டம்படித்தவள்

மாமா சொல்வது மோட்கேஜுக்குப் பொருந்தும். ஆனால் அக்காவிடம் இருப்பது இரண்டு கடன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. எனக்கு அந்த 2007 கடன்தான் முக்கியமாகத் தெரிகிறது.

பிளெவின் வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூசன் பிளெவின் என்ற பெண் 2006 இல் வீட்டை ஈடுவைத்து 34,000 பவுண்ட் கடன் எடுத்தார். அதற்கு 5,780 பவுண்ட் பிபிஐ பிரீமியம், அதுவும் உங்களைப் போலக் கடனோடு சேர்த்துத்தான். கடன் 10 வருடம், காப்பு 5 வருடம். அந்தப் பிரீமியத்தில் 71.8 வீதம் தரகுப் பணமாகப் போனது, அவருக்கு அதைச் சொல்லவே இல்லை. இவ்வளவு தரகை மறைத்ததால் கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான உறவே நியாயமற்றது என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவு அது.

2019 தேதி முறைப்பாட்டுக்கு வைத்த தேதி. நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. அங்கே வேறு காலக்கெடு, ஆறு வருடம். 2023 ஒக்டோபரில், ஸ்மித் என்பவர் ஒரு வங்கிக்கு எதிராகப் போட்ட வழக்கில், அந்த ஆறு வருடத்தைக் கடன் உறவு முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் இரண்டாவது கடன் 2020 மார்ச்சில் முடிந்திருந்தால் 2026 மார்ச் வரை இருக்கிறது. இது இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கு. ஸ்கொட்லாந்தில் ஐந்து வருடம்.

மோட்கேஜுக்கு இந்த வழி கிடையாது. 2004 ஒக்டோபர் 31க்குப் பிறகு எடுத்த, ஒழுங்குமுறைக்கு உட்பட்ட முதல் ஈட்டு மோட்கேஜுகளை (வீட்டின் மேல் முதலாவதாக எடுக்கும் கடன்) 140ஏ தொடாது. அப்போது உங்கள் 2007 கடனைப் போல அதே வீட்டின் மேல் அடுத்ததாக எடுக்கும் இரண்டாம் ஈட்டுக் கடன்கள் அந்த ஒழுங்குமுறைக்கு வெளியே இருந்தன. உங்களுக்கு இப்போது அதுதான் வசதி.

பழையவீடு

தலை சுற்றுகிறது தங்கச்சி, ஆனால் நன்றி. தரகு எத்தனை வீதம் என்று என் காகிதங்களில் எங்கும் இல்லை. காப்பு 60 மாதம் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது! 15 வருடக் கடனுக்கு 5 வருடக் காப்பு, வட்டி மட்டும் வீடு விற்கும்வரை.

சட்டம்படித்தவள்

காகிதத்தில் இருக்காது அக்கா, சொல்லாமல் விட்டதுதானே வழக்கே. உங்களைப் பற்றி வைத்திருக்கும் எல்லாத் தரவையும் தரும்படி கடன் கொடுத்த கம்பனிக்கு எழுதுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது இலவசம், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கடன் இலக்கத்தோடு அன்றைய முகவரியையும் கட்டாயம் எழுதுங்கள். பிபிஐ தரகு எவ்வளவு, யாருக்குப் போனது என்பதைத் தனிக் கேள்வியாகவே கேளுங்கள். கணக்கு முடிந்து ஆறு வருடம் ஆனதும் பலர் கோப்பை அழித்துவிடுவார்கள், அதனால் இந்தக் கிழமையே எழுதுங்கள். மோட்கேஜ் கொடுத்தவர்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். கேட்பதில் என்ன நட்டம்?

உறவு நியாயமற்றது என்று நீங்கள் சொன்னால், நியாயமானதுதான் என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. எஃப்சிஏ முறைப்பாடுகளுக்கு வைத்திருந்த 50 வீதத் தரகுக் கணக்கோடு (பிரீமியத்தில் 50 வீதத்துக்கு மேல் போன தரகை மட்டும் திருப்பிக் கொடுப்பது) நீதிமன்றம் நின்றுவிட வேண்டும் என்றும் இல்லை.

அவர் கையெழுத்து பற்றி: கூட்டுக் கடனில் பணத்துக்கு உரிமை இருவருக்கும் உண்டு. முறைப்பாட்டை ஒருவர் தொடங்கலாம், பொதுவாகப் பாதிப் பாதியாகக் கொடுப்பார்கள். வழக்கு என்றால் அவரையும் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டி வரலாம். அதற்கு நீங்கள் அவரோடு பேசத் தேவையில்லை, லோயர் கடிதம் போதும். 10,000 பவுண்டுக்கு உட்பட்ட வழக்கு பெரும்பாலும் சிறு கோரிக்கைப் பிரிவில்தான் போகும். அங்கே வென்றாலும் லோயர் செலவு திரும்ப வராது, அதையும் கணக்கில் எடுங்கள்.

கணக்குப்பிள்ளை

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரில் யாராவது வங்குரோத்தோ ஐவிஏயோ (கடன்காரர்களோடு செய்யும் சட்டப்படியான தீர்வு ஒப்பந்தம்) ஆகியிருந்தால், வரும் பணம் அந்தப் பொறுப்பாளரிடம் போகலாம். முன்கூட்டியே லோயரிடம் சொல்லிவிடுங்கள். "வென்றால்தான் கட்டணம்" என்பவர்களிடமும், வழக்கை இடையில் விட்டால் என்ன கட்டவேண்டும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பழையவீடு (2025 ஜனவரி)

கடன் கொடுத்த இரண்டு இடமும் பதில் அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கடனில் தரகு 66 வீதம் என்று எழுதியிருக்கிறார்கள். முடிந்த தேதி 2020 மார்ச் 13. அதில் யாரும் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை.

மோட்கேஜ் கோப்பில்தான் பெரிய கூத்து. 2018 இல் அவர் தனியாக முறைப்பாடு செய்து, பிபிஐ பணம் முழுவதையும் தன் கணக்குக்கு எடுத்திருக்கிறார். வங்கி எனக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. என் பாதிக்கு நான் யாரைப் பிடிப்பது?

ஈஸ்ட்ஹாம் மாமா

அடப்பாவி!

சட்டம்படித்தவள்

முதலில் வங்கியை. இது பிபிஐ விற்ற விதத்தைப் பற்றியது அல்ல, கூட்டுப் பணத்தை ஒருவருக்கே கொடுத்ததைப் பற்றியது. அதனால் தனி முறைப்பாடாக எழுதுங்கள், பிபிஐ என்று தலைப்பிட்டால் 2019 தேதியைக் காட்டி மூடிவிடுவார்கள். பொதுவான காலக்கெடு, சம்பவம் நடந்து ஆறு வருடம், அல்லது உங்களுக்குத் தெரிய வந்து மூன்று வருடம், இதில் எது பிந்தியதோ அது. உங்களுக்கு இந்த மாதம்தான் தெரியவந்தது, அதைக் காட்டும் கடித உறையையும் வைத்திருங்கள். எட்டுக் கிழமைக்குள் வங்கி முடிவு சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ ஒம்புட்ஸ்மன். மறுப்புக் கடிதம் வந்தால், அதன் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே கட்டணம் இல்லை.

66 வீதத் தரகுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, கடன் வழக்குகள் பார்க்கும் லோயர் ஒருவரைச் சந்தியுங்கள். 2026 மார்ச் என்று இருந்துவிடாதீர்கள். வழக்குக்கு முந்திய கடிதம், பதிலுக்கு அவகாசம் என்று மாதங்கள் ஓடிவிடும்.

பழையவீடு

வங்கிக்கான கடிதம் நேற்றே போய்விட்டது. லோயரிடம் வியாழக்கிழமை போகிறேன். அந்த 300 பவுண்ட் கம்பனி இன்று காலையும் எடுத்தது மாமா.