கட்டட வரைபடத்தைப் பார்த்து ஒரு கொத்தனார் தானே அளவு போடக் கற்றுக்கொள்வது எப்படி?

மூலைமட்டம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாகக் கொத்து வேலையில் இருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் நிமிந்தாளாக (கொத்தனாருக்கு உதவியாளாக) இருந்து, பிறகு கரணை பிடித்தவன். செங்கல் கட்டிலும் பூச்சிலும் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் மேஸ்திரி நூல் பிடித்துக் கொடுத்த இடத்தில்தான் இதுவரை கட்டியிருக்கிறேனே தவிர, வரைபடத்தை விரித்து வைத்து நானே அளவு போட்டதில்லை.

சென்ற மாதம் மேஸ்திரி ஊருக்குப் போயிருந்த சமயத்தில், ஒரு சிறிய வீட்டின் படுக்கையறைக்கு நானே முதல் வரி (கல் வரிசை) வைக்க வேண்டியதாயிற்று. வரைபடத்தில் அந்த அறைக்குள் 10 அடிக்கு 10 அடி என்று எழுதியிருந்தது. சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடு வரைக்கும் அது என்று நினைத்துக்கொண்டு 9 அங்குலச் சுவர் வைத்துவிட்டேன். மூன்று வரி ஏறிய பிறகு பொறியாளர் வந்து டேப் பிடித்துப் பார்த்தால், உள்ளளவு 9 அடி 3 அங்குலம்தான் இருந்தது. பிரித்துக் கட்டினோம், ஒரு நாள் கூலி போயிற்று. கூலியைவிட, சித்தாள் அக்காமார் முன்னால் நின்ற வெட்கம்தான் இன்னும் போகவில்லை.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தளப் பொறியாளர், மதுரை:

தம்பிக்கு வணக்கம். நீங்கள் செய்த தவறை, பட்டயப் படிப்பு முடித்துவிட்டு முதல் முறை தளத்துக்கு வரும் பையன்களும் பெண்களும் செய்து நான் பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் ஓர் எண்ணைப் பார்த்தவுடன் அது எவ்வளவு என்று படிப்பதற்கு முன்னால், எங்கிருந்து எதுவரைக்கும் என்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கோட்டின் இரு முனைகளிலும் ஓர் அம்புக்குறியோ சாய்கோடோ புள்ளியோ இருக்கும். அது சுவரின் உள்முகத்தில் நிற்கிறதா, வெளிமுகத்தில் நிற்கிறதா, புள்ளியும் கோடுமாக ஓடும் மையக்கோட்டில் நிற்கிறதா என்பதை விரல் வைத்துப் பாருங்கள். அறைக்குள் பெயரோடு சேர்த்து எழுதப்படும் அளவு பெரும்பாலும் உள்ளளவு. அதுவும் பூச்சுக்கு முந்தைய உள்ளளவு. தூண்களுக்கான வரைபடத்தில் ஏ, பி, சி என்றும் 1, 2, 3 என்றும் வட்டத்துக்குள் குறித்திருக்கும் கோடுகளுக்கு இடைப்பட்ட அளவு நடுவுக்கு நடு. இவை இரண்டும் ஒரே தாளில் இருந்தால்தான் குழப்பம் வரும். உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக, தளப்படம் என்பது வீட்டை மேலிருந்து பார்த்த படம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் வீட்டைக் கிடையாக அறுத்து, மேல் பாதியைத் தூக்கி வைத்துவிட்டுக் கீழே குனிந்து பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கத்தி பட்ட சுவர்கள் தடித்த கோட்டில் இருக்கும். செங்கல் சுவருக்குள் சாய்கோடுகளும், கான்கிரீட்டுக்குள் புள்ளிகளும் சிறு முக்கோணங்களும் போட்டிருப்பார்கள். கத்திக்குக் கீழே தெரியும் படி, திண்ணை போன்றவை மெல்லிய கோட்டில் வரும். கத்திக்கு மேலே இருக்கும் சன்ஷேடு, பரண், குளியலறை வென்டிலேட்டர் ஆகியவை விட்டுவிட்டு வரும் கோட்டில் காட்டப்படும். இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

கதவுக்கு டி, சன்னலுக்கு டபிள்யூ, வென்டிலேட்டருக்கு வி என்று எழுதி, அவற்றின் அகல உயரங்களை ஓரத்தில் ஓர் அட்டவணையாகக் கொடுத்திருப்பார்கள். கதவை ஒட்டி வரைந்திருக்கும் வில்போன்ற கோடு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைச் சொல்கிறது. நிலையை மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்பதற்கும் அது தேவைப்படும் என்பதால் அதைத் தச்சரின் வேலை என்று விட்டுவிடாதீர்கள்.

தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது. 1-க்கு 100 என்று அச்சிட்டிருந்தாலும், நகல் எடுக்கும்போது தாள் சுருங்கியிருக்கலாம். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த விகிதத்துக்குப் பொருளே இல்லை. எழுதியிருக்கும் எண்தான் கணக்கு. எண் இல்லாத இடத்தில் பொறியாளரைக் கேளுங்கள். கையில் இருப்பது கடைசியாகத் திருத்திய தாள்தானா என்று வலது கீழ் மூலைக் கட்டத்தில் திருத்த எண்ணையும் தேதியையும் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் குடியிருக்கும் வீட்டை டேப்பால் அளந்து, கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து நீங்களே வரையுங்கள். சுவரின் கனத்தையும் சேர்த்து வரைய வேண்டும். வீட்டைச் சுற்றி வெளியே அளந்ததும் உள்ளே அறை அறையாக அளந்து கூட்டியதும் ஒத்துப்போகும் வரைக்கும் விடாதீர்கள். எனக்குத் தெரிந்து, அடுத்தவர் வரைந்ததைப் படிக்க இதைவிட விரைவான பாடம் கிடையாது.

முப்பது வருட மேஸ்திரி, தஞ்சாவூர்ப் பக்கம்:

பொறியாளர் அம்மா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவர் தரையில் கிடக்கும் அளவைத்தான் சொன்னார். கொத்தனாரைக் கவிழ்ப்பது உயரம். வெட்டுத் தோற்றத்தில் (வீட்டை மேலிருந்து கீழாக அறுத்துக் காட்டும் படத்தில்) லிண்டல், அதாவது கதவு சன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்திரத்தின் மட்டம், 7 அடி என்று இருந்தால், அந்த 7 அடி டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து. நாம் கட்டும்போது காலடியில் இருப்பது பேஸ்மட்டத்துக் கான்கிரீட்டு மட்டுமே. அதற்கு மேல் கலவையும் டைல்சும் சேர்ந்து 2 அங்குலம் ஏறப்போகிறது என்றால், நாம் 7 அடி 2 அங்குலத்தில் லிண்டலை உட்கார வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கட்டிய ஒரு வீட்டில், கதவை அடியில் 2 அங்குலம் அறுத்து மாட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அதனால் வேலை தொடங்கும் நாளிலேயே தரை எவ்வளவு கனம் வரும் என்று கேட்டு, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து, முடிந்த தரையிலிருந்து 3 அடி மேலே எல்லாத் தூணிலும் ஒரு கோடு அடித்துவிடுவேன். அதன் பிறகு எல்லா உயரமும் அந்தக் கோட்டிலிருந்துதான்.

அடுத்து, வரைபடத்தில் இருக்கும் உயரத்தை வரிக் கணக்காக மாற்றத் தெரிய வேண்டும். கல் 3 அங்குலம், கலவை அரை அங்குலம் என்றால் ஒரு வரி மூன்றரை அங்குலம். 7 அடி என்பது 84 அங்குலம். சரியாக 24 வரி. சன்னல் அடி மட்டம் 3 அடி என்றால் 10 வரியில் 35 அங்குலம் வந்து, மீதி ஓர் அங்குலத்தை மேல் கலவையில் சரிக்கட்டலாம். நான் நேரான ரீப்பர்க் கட்டை (மெல்லிய மரச் சட்டம்) ஒன்றில் இந்த வரிகளைப் பென்சிலால் கோடு போட்டு, சன்னல் அடி, லிண்டல் இரண்டையும் ஆணியால் கீறி வைத்துக்கொள்வேன். தரைக்கான 2 அங்குலத்தை முதல் வரிக்கு அடியில் விட்டே கோடு தொடங்கும். அந்தக் கட்டையை மூலையில் நிறுத்தினால் வரைபடமே நின்ற மாதிரி.

இன்னொன்று. 10.6 என்று எழுதியிருந்தால் 10 அடி 6 அங்குலமா, பத்து அடியும் பத்தில் ஆறு பங்குமா என்று கேட்டுவிடுங்கள். பின்னது 10 அடி 7 அங்குலத்துக்கும் மேல் போகும்.

தளப் பொறியாளர், மதுரை:

மேஸ்திரி ஐயா சொன்ன கோட்டு முறையை நானும் கட்டாயமாக்கியிருக்கிறேன். வரிக் கணக்கில் மட்டும் ஒரு திருத்தம்: எல்லாச் சூளைக் கல்லும் 3 அங்குலம் இருப்பதில்லை. வந்து இறங்கிய லோடிலிருந்து பத்துக் கல்லை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அளந்து, பத்தால் வகுத்துக்கொண்டு பிறகு கட்டையில் கோடு போடுங்கள். 200 மில்லிமீட்டர் உயரமுள்ள ஏஏசி பிளாக்காக (எடை குறைந்த கான்கிரீட் கல்லாக) இருந்தால் அந்தக் கட்டை உதவாது. புதிதாகப் போட வேண்டும்.

மில்லிமீட்டரில் வரும் வரைபடத்தை அடிக்கு மாற்றிக் கட்டவும் வேண்டாம். 230 என்றால் 9 அங்குலச் சுவர், 115 என்றால் நாலரை அங்குலச் சுவர் என்று அடையாளம் தெரிந்தால் போதும். 3000 மில்லிமீட்டரைப் பத்து அடி என்று எடுத்துக்கொண்டால் 48 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 2 அங்குலம் கூடிவிடும். டேப்பின் மறு ஓரத்தில் மில்லிமீட்டர் இருக்கிறது, அதிலேயே அளந்துவிடலாம்.

ஐடிஐ பயிற்றுநர்:

முறையாகச் சான்றிதழோடு கற்க விரும்பினால் ஐடிஐயில் கட்டடக் கொத்தனாருக்கென்றே ஓராண்டுப் பிரிவு உண்டு. வரைபடம் படிப்பது அதில் ஒரு பாடம். வேலையை விட்டுவிட்டு வர முடியாதென்றால் மேலே இருவர் சொன்னதே போதுமானது. சதுரம் பார்ப்பதை மட்டும் நான் சேர்க்கிறேன்: மூலையில் 3, 4, 5 பிடித்த பிறகும் (ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும்) முழு அறையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 12 அடிக்கு 16 அடி அறையென்றால் இரண்டும் 20 அடி வர வேண்டும். வரைபடத்தில் மூலைக் கோணத்தைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். செங்கோணம் என்பது எழுதாமலே புரிந்துகொள்ள வேண்டியது.

மூலைமட்டம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். குடியிருக்கும் வீட்டை இரண்டு முறை வரைந்தேன். முதல் முறை சுவர்க் கனத்தை விட்டுவிட்டதால் கூட்டல் ஒத்துவரவில்லை.

நேற்று புதிய தளத்தில், அதே பழக்கத்தில், வரைபடத்தின் ஒரு வரிசை அளவைச் சும்மா கூட்டிப் பார்த்தேன். 9 அங்குலச் சுவர், 10 அடி அறை, நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், 12 அடி அறை, மீண்டும் 9 அங்குலச் சுவர். மொத்தம் 23 அடி பத்தரை அங்குலம் வந்தது. ஆனால் வெளிக்கோட்டில் 24 அடி 3 அங்குலம் என்று போட்டிருந்தது. வித்தியாசம் நாலரை அங்குலம் என்றதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. மேஸ்திரியிடம் பழைய தாளை வாங்கிப் பார்த்தால், நடுத் தடுப்பு அதில் 9 அங்குலமாக இருந்தது. சுவரை மெலிதாக்கிவிட்டு, அறை அளவை மாற்ற மறந்திருக்கிறார்கள்.

பொறியாளரிடம் காட்டினேன். அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டாகிவிட்டதால் வெளியளவை மாற்ற முடியாது. நாலரை அங்குலத்தைச் சமையலறைக்குக் கொடுத்து 10 அடி நாலரை அங்குலமாகக் கட்டச் சொல்லி, தாளில் சிவப்பு மையால் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்று காலை அந்தச் சுவருக்கு நானே நூல் பிடித்தேன்.