கேமரா கேட்டேன், ஒலி கொடுத்தார்கள்

கேள்வி:
பதினோராம் வகுப்பில் ஒளிபரப்புப் பாடம் எடுத்திருக்கிறேன். வாரம் ஒரு பள்ளிச் செய்தி தயாரிக்கிறோம். கேமரா கேட்டேன், ஆசிரியர் என்னை ஒலிக்கலவைக் கருவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். முதல் நிகழ்ச்சியிலேயே வாசிப்பவளின் குரல் கரகரவென்று உடைந்தது. படத்தொகுப்பில் ஒலியைக் குறைத்தும் கரகரப்பு போகவில்லை. என்ன செய்வது?

பதில் 1:
போகாது. டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் உச்ச அளவு, அதற்கு மேல் இடமே இல்லை. மேலே போனது வெட்டுப்பட்டுவிடும். பிறகு குறைத்தால், உடைந்த குரல் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். பேச்சின் உச்சம் -12 டெசிபலை ஒட்டி இருக்கும்படி வையுங்கள். சோதனைக்கு "ஒன்று, இரண்டு" சொல்ல விடாதீர்கள். செய்தியின் முதல் பத்தியையே வாசிக்கச் சொல்லுங்கள். பதிவு விளக்கு எரிந்ததும் எல்லோருக்கும் குரல் உயர்ந்துவிடும். நானும் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒலிப் பக்கம் இருந்தவன்தான். படம் கொஞ்சம் ஆடினால் மன்னிப்பார்கள், குரல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

பதில் 2:
சட்டை மைக்கை மார்பெலும்பு உயரத்தில் குத்துங்கள். துப்பட்டா, சங்கிலி உரசக் கூடாது. யாரும் பேசாதபோது அறையின் வெறும் ஒலியை 30 விநாடி தனியாகப் பதிவு செய்யுங்கள். படத்தொகுப்பில் வெட்டி ஒட்டிய இடங்களை மறைக்க உதவும்.

கேள்வி கேட்டவர்:
உரசல்! அவள் சங்கிலி அணிந்திருந்தாள். கரகரப்பில் பாதி அதுவாக இருக்கலாம். நாளை ஹெட்போன் போட்டுக் கேட்கிறேன். இதுவரை போடவே இல்லை என்பதை ஆசிரியரிடம் சொல்லப் போவதில்லை.