புற்றுநோய்ச் செவிலியப் பயிற்சி குறித்து உதவி தேவை

குழுவிலுள்ள மூத்த செவிலியர்களுக்கு வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றின் மருத்துவமனையில் 9 ஆண்டுகளாகப் பொது வார்டில் பணியாற்றும் எனக்கு, சென்ற ஆண்டு முதல் கீமோதெரபி பிரிவிலும் பணி ஒதுக்கப்படுகிறது. ஆனால் அதற்கெனத் தனிப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் இரத்தக் குழாயை விட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள திசுவையே அழித்துவிடக்கூடும் என்பதை, ஓர் அம்மாவின் கை வீங்கிச் சிவந்த நாளில்தான் முழுமையாக உணர்ந்தேன். மருந்தை உடனே நிறுத்தினோம், அவர் தேறிவிட்டார். என் மனம்தான் இன்னும் தேறவில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள ஓராண்டுப் புற்றுநோய்ச் செவிலிய டிப்ளமோவில் சேர விரும்புகிறேன். அதை முடித்தவர்கள், பணியில் இருந்துகொண்டே விடுப்பும் ஊதியமும் பெற முடிந்ததா, கீமோ போர்ட் (மருந்தேற்றத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி), பிக் லைன் (கையின் சிரை வழியே செலுத்தி வைக்கும் நீண்ட மெல்லிய குழாய்) ஆகியவற்றின் பராமரிப்பை நோயாளியின் அருகிலிருந்தே செய்து பழக வாய்ப்புக் கிடைத்ததா என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். வலி தணிக்க மார்ஃபின் தரும் முறையையும், நோய் இனிக் குணமாகாது என்று அறிந்த குடும்பத்தாரிடம் பேசும் விதத்தையும் எங்கே நன்றாகக் கற்பிக்கிறார்கள்? என்னைப் பொறுத்தவரை, ஊசி போடுவதைவிட அந்தப் பேச்சுத்தான் கடினம். குறுகிய காலப் பயிற்சிகள் தெரிந்தாலும் சொல்லுங்கள். எங்கள் பிரிவில் என்னைப் போலவே இன்னும் 3 பேர் இருக்கிறார்கள்.