புரதம் போதிய அளவில் இருந்தும் வெண்பன்றிகள் எடை கூடாதது ஏன்?

கேள்வி: நாமக்கல் பகுதி வளர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் 40 யார்க்ஷயர் கலப்பின வெண்பன்றிகளை வளர்த்து வருகிறேன். உணவகக் கழிவு கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஆறு மாதங்களாகத் தீவனத்தை நானே அரைத்துக் கலக்கிறேன். 100 கிலோ கலவையில் மக்காச்சோளம் 58 கிலோ, கடலைப் புண்ணாக்கு 20 கிலோ, அரிசித் தவிடு 19 கிலோ, தாது உப்புக் கலவையும் சாதாரண உப்புமாக 3 கிலோ சேர்க்கிறேன். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது புரதம் 16 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது. ஆயினும் 30 கிலோவைத் தாண்டிய குட்டிகள் நாளொன்றுக்கு 350 கிராம் அளவுக்கே எடை கூடுகின்றன. அறுத்த பன்றிகளில் முதுகுக் கொழுப்பு மிகுதி என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். காலையில் கொட்டகையின் படுதாவைத் தூக்கினால் கண் எரியும் அளவுக்கு நெடி அடிக்கிறது. கடலைப் புண்ணாக்கை இன்னும் கூட்டலாமா?

மறுமொழி 1: கால்நடை மருத்துவர்

கூட்ட வேண்டாம், ஐயா. பன்றிக்குத் தேவைப்படுவது புரதம் என்ற மொத்தக் கணக்கு அன்று. அந்தப் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள் ஒன்றுக்கொன்று உரிய விகிதத்தில் கிடைக்க வேண்டும். தானியத் தீவனத்தில் பெரும்பாலும் முதலில் பற்றாக்குறையாவது லைசின். கொத்தனார் வேலையில் செங்கல் மலைபோலக் குவிந்திருந்தாலும் சிமெண்ட் தீர்ந்தால் சுவர் அதற்குமேல் எழும்பாது. லைசின் தீர்ந்த இடத்தில் தசை வளர்ச்சியும் அப்படியே நின்றுவிடுகிறது. பயன்படாமல் மிஞ்சும் அமினோ அமிலங்களை உடல் சேமித்து வைப்பதில்லை. கல்லீரல் அவற்றைச் சிதைத்து, நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளுகிறது. உங்கள் கண்ணை எரிக்கும் அம்மோனியா அதிலிருந்துதான் வருகிறது. தசையாக மாற முடியாத ஆற்றல் முதுகில் கொழுப்பாகப் படிகிறது. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றே என்று கருதுகிறேன்.

உங்கள் கலவையையே கணக்கிட்டுப் பார்ப்போம். லைசின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 0.25, கடலைப் புண்ணாக்கில் 1.5, தவிட்டில் 0.6 சதவீதம் இருக்கும். அப்படியானால் 100 கிலோவில் மொத்தம் 560 கிராம் வரும். அதிலும் குடலில் செரித்து உடலில் சேர்வது 420 கிராம் அளவே, அதாவது 0.42 சதவீதம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2012ஆம் ஆண்டு அட்டவணை, 25 முதல் 50 கிலோ எடையுள்ள பன்றிக்குச் செரிக்கும் லைசின் 0.98 சதவீதம் வேண்டும் என்கிறது. அது வேகமாக வளரும் இனங்களுக்கானது. நம் கலப்பினங்களுக்கு 0.85 முதல் 0.9 வரை கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. உங்களிடம் அதில் பாதிகூட இல்லை.

மறுமொழி 2: கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, டாக்டர். கடையில் லைசின் தூள் கிடைக்கிறது. கடலைப் புண்ணாக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதை மட்டும் சேர்த்தால் போதுமா? சோயா புண்ணாக்கு விலை கூடுதலாக இருக்கிறது.

மறுமொழி 3: கால்நடை மருத்துவர்

போதாது. லைசினை நிரப்பியவுடன் திரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறையாகி நிற்கும். அதையும் நிரப்பினால் அடுத்த அமினோ அமிலமான டிரிப்டோஃபேன் குறையாகும். லைசினை 100 என்று வைத்தால் செரிக்கும் திரியோனின் 60, மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 56, டிரிப்டோஃபேன் 17 என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கில் இவை எல்லாமே சோயாவை விடக் குறைவு. மேலும், ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேர்ந்துவிட்டால் அதுவே வளர்ச்சியைக் கெடுக்கும்.

மக்காச்சோளம் 60, சோயா புண்ணாக்கு 22, தவிடு 15, தாது உப்பும் உப்பும் 3 என்று மாற்றி, 100 கிலோவுக்கு 200 கிராம் லைசின் ஹைட்ரோகுளோரைடு சேருங்கள். அந்தத் தூளில் 78 சதவீதமே லைசின். இதனால் செரிக்கும் லைசின் 0.88 சதவீதத்தை எட்டும், மற்றவையும் மேற்சொன்ன விகிதத்துக்கு அருகிலேயே அமையும். 300 கிராமாக உயர்த்த விரும்பினால் 60 கிராம் திரியோனினும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூடுதல் லைசினுக்குக் கொடுத்த பணம் வீண். செலவை மூட்டை விலையில் பார்க்காமல், ஒரு கிலோ எடை கூட எத்தனை ரூபாய்த் தீவனம் ஆனது என்று பாருங்கள்.

மறுமொழி 4: திண்டுக்கல் பகுதி வளர்ப்பாளர்

டாக்டர் சொன்னதோடு என் அனுபவத்தில் கண்ட இரண்டைச் சேர்க்கிறேன். ஒருமுறை மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய சோயா புண்ணாக்கு கரும்பழுப்பாக, கருகிய வாடையோடு இருந்தது. அதிகம் சூடேறினால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து செரிக்காமல் போகும் என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன். புரத அளவு சரியாகவே இருந்தும் அந்தத் தொகுதிக் குட்டிகள் இரண்டு மாதம் பின்தங்கின. வெளிர் பொன்னிறமாக இருப்பதையே வாங்குங்கள். வேகாத பயறின் பச்சை வாடை அடித்தாலும் வேண்டாம். அது போதிய சூடு படாதது, அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் எஞ்சியிருக்கும்.

இன்னொன்று, 200 கிராம் தூளை நேராக 100 கிலோவில் கொட்டினால் சீராகக் கலக்காது. முதலில் இரண்டு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, அதன்பின் மொத்தத்தில் சேருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பன்றி தின்பது குறையும், நாளுக்கு 1.6 கிலோ தின்றது 1.3 கிலோவில் நின்றால் லைசின் 14 கிராமிலிருந்து 11 கிராமாக இறங்கிவிடும். அந்த இரண்டு மாதங்களுக்கு நான் சோயாவை 25 கிலோவாக உயர்த்தி, தவிட்டை அந்த அளவுக்குக் குறைத்துவிடுகிறேன்.