உளவியல் படிப்பும் வீட்டில் பிள்ளையும்: இன்னும் உறுத்தும் ஒன்றைச் சொல்லுங்கள்

கதவுக்கு_இந்தப்பக்கம்:
மறுநாள் வளர்ச்சி உளவியல் தேர்வு. உளவியலாளர் ஐன்ஸ்வொர்த்தின் ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷனை, அதாவது அம்மா விட்டுப்போய்த் திரும்பி வரும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் சோதனையை, மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்: 8 கட்டம், முதலாவது தவிர மற்றவை 3 நிமிடம். வெளியே என் 14 மாதப் பெண் கதவைத் தட்டித் தட்டி அழுகிறாள். இந்தப் பத்தி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்தி என்ன தெரியுமா? குழந்தை ரொம்ப அழுதால் பிரிவுக் கட்டத்தைப் பாதியிலேயே முடித்து அம்மாவை உள்ளே அனுப்பிவிட வேண்டும் என்பது. கதவைத் திறந்தபோது அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஹைலைட்டரை எடுத்துக்கொண்டாள். "தவிர்க்கும் பிணைப்பு" என்று என் மூளை உடனே பெயர் வைத்தது, அம்மா திரும்பி வந்தாலும் கண்டுகொள்ளாத குழந்தைக்கு அந்தச் சோதனையில் தரும் வகைப்பெயர். பெற்ற பிள்ளைக்கு!

ரெண்டுபிள்ளை_எம்எஸ்சி:
இதற்கெல்லாம் பெயர் வைக்காதீர்கள். அந்த வகைகள் ஆய்வுக்கூடத்தில் நடத்தி, பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக் குறிப்பவை. அழுது களைத்த பிள்ளையை வாசலில் நின்று பார்த்துச் சொல்வதில்லை. குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட் 1953-லேயே 'குட் எனஃப் மதர்', அதாவது போதுமான அளவு நல்ல தாய், என்று எழுதிவிட்டார். முதலில் குழந்தைக்கு முழுசாக ஈடுகொடுக்கும் தாய், அது தாங்கத் தாங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வருவாள் என்கிறார். அப்புறம், ராத்திரி ஒரே மூச்சில் படிக்காதீர்கள். இடைவெளி விட்டுப் படித்தால்தான் நிற்கும், நினைவாற்றலை ஆராய்ந்த எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் சொன்னதுதான். பிள்ளை தூங்கும் அரை மணியில் பழைய பாடத்தைத் திருப்புங்கள். புள்ளியியலை விடியற்காலைக்கு வையுங்கள். கதவுக்கு வெளியே யாராவது பெரியவர் இருக்கட்டும். என் கதையா? தேர்வறையில் பால் கசிந்து, வினாத்தாளை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தேன். அவ்வளவுதான்.

அப்பாவும்_மாணவர்தான்:
தாய், தாய் என்றே எழுதுகிறீர்கள், சரி. நுண்ணறிவுச் சோதனை நடத்திப் பழக என் 8 வயது மகனை உட்காரவைத்தேன். கட்டை அடுக்கும் பகுதி, கையில் ஸ்டாப்வாட்ச். "சரியாப்பா?" என்றான். சரி, தப்பு சொல்லக்கூடாது என்பது நடைமுறை. "நல்லா முயற்சி பண்றே" என்றேன், சோதனை நடத்துபவர் குரலில். அவன் அடுத்த கட்டையைத் தொடவே இல்லை. "நீ அப்பா மாதிரி பேசு" என்றான்.

கதவுக்கு_இந்தப்பக்கம்:
ரெண்டுபிள்ளை, நான் அட்டவணை கேட்கவில்லை. வெளியே பெரியவர் இருந்தார், அவள்தான் அவரிடம் போகவில்லை. மறுநாள் அந்தக் கேள்வியே வந்தது. 8 கட்டத்தையும் வரிசையாக எழுதினேன். பாதியில் நிறுத்தும் விதியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன்.