தோள் எலும்பைச் சீவினால் வலி போய்விடுமா?

சுண்ணாம்புக்காளவாய்:
அண்ணன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், வயது 52. வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி உயரத்தில் சுரீர் என்று இழுக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் வலி குறைகிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எலும்பு முனை கீழ்நோக்கி வளைந்திருப்பதாகவும் தசைநாணில் பகுதிக் கிழிசல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். துளை போட்டு எலும்பைச் சீவிவிடலாம் என்கிறார் மருத்துவர். செய்யலாமா?

தென்கரையான்:
தாராளமாகச் செய்யுங்கள். என் மாமனார் செய்துகொண்டார், இப்போது தோட்டத்தில் தேங்காய் பறிக்கிறார். கதவு நிலையில் இடித்தால் இழைப்புளி போடுகிறோம் அல்லவா, அதேதான். தசைநாணை எலும்பு உரசுகிறது. உரசும் இடத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

ரப்பர்பட்டை:
நான் பிசியோதெரபிஸ்ட். இந்த உரசல் கணக்கைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர், 1972-இல். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கேமராவை மட்டும் உள்ளே விட்டு எடுத்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் செய்யவில்லை. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: சீவியவர்களுக்கும் கேமரா மட்டும் போனவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பின்லாந்து ஆய்விலும் அதே கதை. 2019-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டன் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, இந்த அறுவை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிவிட்டது.

தென்கரையான்:
பாதியை மட்டும் சொல்கிறீர்கள். அதே பிரிட்டன் ஆய்வில் ஒன்றும் செய்யாதவர்களைவிட அறுவை செய்தவர்கள் நன்றாக இருந்தார்களா இல்லையா?

ரப்பர்பட்டை:
இருந்தார்கள். நோயாளி உணரும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அதுவும் கேமரா மட்டும் போனவர்களுக்கும் கிடைத்ததுதான். அப்படியானால் சீவியதால் என்ன லாபம்?

தென்கரையான்:
சரி, உங்கள் தொழிலுக்கு வருவோம். 2021-இல் பிரிட்டனிலேயே 708 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு முறை வரை வரவழைத்துப் பயிற்சி கொடுத்ததும் ஒரே ஒரு முறை உட்காரவைத்து ஆலோசனை சொன்னதும் சமம் என்று வந்ததே. இங்கே மின்சிகிச்சை என்று வாரக்கணக்கில் வரச்சொல்லிப் பணம் பிடுங்குகிறார்கள். அதற்கு என்ன பதில்?

ரப்பர்பட்டை:
அந்தப் பணம் வீண்தான், ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியை ஒருமுறை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தால் போதும். அதே ஆய்வு ஸ்டீராய்டு ஊசியையும் பார்த்தது: தொடக்கத்தில் கொஞ்சம் ஆறுதல், ஓராண்டு முடிவில் பலன் இல்லை.

குமுதவல்லி:
இருவரும் சிகிச்சையிலேயே நிற்கிறீர்கள். நோய் அதுதானா? எனக்கும் உரசல் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் அது தோள் இறுக்கம், சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருவது. தம்பி, அண்ணனின் முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கிவைத்து, நீங்களே அவருடைய முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடதுகை போகும் அளவுக்கு வலதுகை போகாமல் முட்டினால் இறுக்கமாக இருக்கலாம். எங்களைப் போன்றவர்கள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர்பட்டை:
சரியான கேள்வி. ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரை மட்டும் வலித்து, பிறர் தூக்கினால் கை முழுதும் போனால் உரசல் வகை வலி என்று நினைக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கேனை மட்டும் நம்பக்கூடாது: 1995-இல் தோள்வலியே இல்லாத 96 பேரை ஸ்கேன் செய்தபோது, 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கிழிசல் தெரிந்தது.

சுண்ணாம்புக்காளவாய்:
திருப்பிப் பார்த்தேன், இரண்டு கையும் ஒரே அளவு போகிறது. சர்க்கரை இல்லை. ஆனால் பயிற்சி என்று மாதக்கணக்கில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாதே.

ரப்பர்பட்டை:
உட்கார வேண்டாம். உருளைக்கு நீளக் கம்பு மாட்டி, முழங்கை தோள் உயரத்துக்கு மேலே போகாமல் அடிக்கட்டும். மேல்கூரை வேலையைக் கொஞ்ச காலம் வேறு ஆளுக்கு விடலாம். வீட்டில், மடித்த துண்டை முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் வைத்து, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுத்து, அதைவிட மெதுவாகத் திரும்ப விட வேண்டும். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைக்கவும். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

தென்கரையான்:
ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏணியிலிருந்து விழுந்து, அன்றிலிருந்து கையே தூக்க வரவில்லை என்றால் ரப்பர் பட்டையோடு காலம் கடத்தாதீர்கள். முழுக்கிழிசலாக இருந்தால் தைக்க வேண்டிவரும், தள்ளிப்போட்டால் தைப்பதே கடினம்.

ரப்பர்பட்டை:
அதில் மறுப்பே இல்லை. தைப்பது வேறு, சீவுவது வேறு.

சுண்ணாம்புக்காளவாய்:
விழவில்லை. அப்படியானால் திங்கட்கிழமை மருத்துவரிடம் தைக்கப்போகிறீர்களா, சீவ மட்டும் போகிறீர்களா என்று கேட்கிறேன்.